பத்து நிமிடத்துக்கு ஒருமுறை

எல்லோரும் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரத்தில், தலைமையக டேட்டாபேஸுக்குக் கிளையிலிருந்து போகும் ஒரே தொடர்பு அறுந்துவிடும். அரை மணி நேரம் பேச்சில்லாத தொடர்பை நெட்வொர்க்கின் காவலான ஃபயர்வால் வெட்டிவிடுகிறது என்று கிளையின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் மெஹருன்னிசா கண்டுபிடித்துச் சொன்னாள். நெட்வொர்க் அதிகாரி சற்குணம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எங்க பக்கம் ஒண்ணும் இல்லம்மா" என்றவர், தப்பு அவளுடையது என்று அவளுக்கு மெமோவும் வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவள் சீட்டிலேயே சாப்பிட்டாள். வலது கையால் சோற்றைப் பிசைந்தபடி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடது கையால் என்டரைத் தட்டி டேட்டாபேஸிடம் மணி கேட்பாள். அதுவும் சொல்லும். தொடர்பு அறவில்லை.

"மெமோ குடுத்ததும் சரியாயிடுச்சு பாத்தீங்களா" என்று சற்குணம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மூன்று மாதம் கழித்துச் சேர்மன் வந்தார். விருந்து முடிந்ததும் அவரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. அன்று மெஹருன்னிசா டிபன்பாக்ஸோடு கேன்டீனுக்குப் போனாள். மீனிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் வரிசையாக அடுக்கினாள்.

சற்குணம் மூச்சிரைக்க வந்து நின்றார். "ஏம்மா, ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரல. சேர்மன் காத்திருக்காரு."

அவள் அடுத்த முள்ளை உருவினாள்.

"எங்க பக்கம் ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "இன்னும் பாதி மீன் இருக்கு."