டேங்க் மூடி

கொள்ளிடத்தின் நடுவில் மோட்டார் நின்றுவிட்டது.

இரண்டு தடவை திணறியது, அவ்வளவுதான். ரப்பர் படகு பக்கவாட்டில் திரும்பி, பாலத் தூண்களை நோக்கி இழுபட ஆரம்பித்தது.

எதிரே மணல் திட்டில், முழங்காலளவு தண்ணீரில், ஆனந்தவள்ளி அக்கா கன்றுக்குட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். முக்கொம்பு அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று மைக்கில் சொல்லியும், மேயப் போன கன்றை விட மனசில்லாமல் ஆற்றில் இறங்கியிருக்கிறார். திட்டு கரைந்துகொண்டே இருந்தது.

"ஆசீர், என்னாச்சு உங்க மோட்டாருக்கு?" கரையிலிருந்து வாக்கிடாக்கியில் நிலைய அதிகாரி கத்தினார்.

உங்க மோட்டார். நிலையத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மற்ற நாளில் அதைப் பெருமையாகக் கேட்டுக்கொள்வேன்.

என் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து அது ஆற்றில் நின்றதே இல்லை. பழைய பெட்ரோலை டேங்கில் தங்க விடமாட்டேன். பில்டரைக் கழற்றி, தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். கார்புரேட்டரை என் பிள்ளையின் காதைத் துடைப்பது போலத் துடைப்பேன். முந்தாநாள்கூட, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கிக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். ஜோராக ஓடியது.

கூட வந்த வீரமலை துடுப்பைப் போட்டுப் படகைத் தூணிலிருந்து விலக்கப் போராடிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பயம்தான், வேறென்ன.

மோட்டாரின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். பிடித்தது, உடனே நின்றது. பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் குமிழை அமுக்கப் போனேன். அது சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது.

அப்போதுதான் உறைத்தது. டேங்குக்குள் காற்று போகவில்லை.

பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். டிரம்மில் ஓட்டிப் பார்க்கும்போது தெரியவே தெரியாது.

மூடியைத் தடவினேன். துளை இருந்த இடத்தில் சந்தனம். காய்ந்து இறுகி, அதன் மேல் குங்குமம்.

ஆயுத பூசை!

போன வாரம் வண்டி, ஏணி, மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். நான் அன்றைக்கு லீவு. திரும்பி வந்தபோது மூடியில் இருந்த பொட்டைப் பார்த்தேன். சாமி காரியம், துடைக்க மனசு வரவில்லை.

எந்தப் புண்ணியவான் வைத்தானோ, அவனை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே சாவிக்கொத்தில் கிடந்த ஊக்கால் நோண்டினேன். புஸ்ஸென்று டேங்க் மூச்சு இழுத்தது. ரப்பர் குமிழ் உப்பியது. கயிற்றை இழுத்தேன். மோட்டார் பிடித்துக்கொண்டது.

திட்டை நெருங்கியபோது தண்ணீர் அக்காவின் இடுப்புக்கு வந்திருந்தது. முதலில் கன்றைத்தான் ஏற்றச் சொன்னார். ஏற்றினோம். பிறகு அவர் கை என் கையில் சிக்கியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுகை அடங்கியதும் ஆத்திரம் வந்தது. கரைக்குப் போனதும் அந்தப் புண்ணியவானைப் பிடித்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா நடுங்கிக்கொண்டே டேங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இது வந்துரும்னு எனக்குத் தெரியும் தம்பி. பூசையன்னிக்கு நீங்க இல்ல. உங்க மோட்டாருக்கு நான்தான் பொட்டு வெச்சேன். மூடியில ஒரு ஓட்ட இருந்துச்சு, அதைக்கூட விடாம நல்லா அமுக்கி வெச்சேன்."

வீரமலை என்னைப் பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்தேன்.

என்ன கோளாறு என்று வாக்கிடாக்கி மறுபடியும் கேட்டது.

"தூசி சார். நான் சரியா தொடைக்கல" என்றேன்.

அக்கா என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"விடுங்க தம்பி. இனிமே பாத்துத் தொடைச்சு வைங்க."