ஆறாம் நிபந்தனை

"வீட்டுக்காரர் வாடகையைப் பத்து ரூபா ஏத்தச் சொல்லிக் கேட்பார். நான் ரெண்டு ரூபாயிலை நிப்பன். நீ மட்டும் வாயைத் திறவாதை," என்றான் கிறகோரி, சைக்கிளை மிதித்தபடி.

பின்னால் கரியரில் இருந்த மனைவி அற்புதராணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஏழு வருசமாக இதே பாடம்தான்.

மீன்பெட்டி சுமந்து, பிறகு மீன் லொறி வாங்கி முன்னுக்கு வந்த மனிசன் கிறகோரி. ஐந்து சத வெற்றிலைக்கும் நின்று விலை பேசுவான். நெல்லியடியில் அவர்கள் குடியிருந்தது வாடகை வீடு. ஒவ்வொரு தை மாசமும் உடன்படிக்கையைப் புதுப்பிக்கப் போகும்போது ஆள் சண்டைக்குப் போகிற மாதிரித்தான் போவான். வீட்டுக்காரர் கனகசபாபதி, றோட்டு வேலைகளை மேற்பார்த்து இளைப்பாறிய ஓவசியர். அவருக்கும் வாய் குறைவில்லை.

இந்தமுறை கிறகோரி குற்றப்பத்திரிகையோடு வந்திருந்தான். ஓட்டிலே மூன்று இடத்தில் ஒழுக்கு. கிணற்றுக் கப்பி கீச்சிட்டு அழுகிறது. வேலி அடைத்து இரண்டு வருசம்.

ஓவசியர் வீட்டு விறாந்தையில் இருந்ததும் இராததுமாகத் தொடங்கினான்.

"ஐயா, முதலிலை அந்த ஒழுக்கு..."

"பொறும் கிறகோரி. இந்தமுறை நான் வாடகை ஏத்தேல்லை."

கிறகோரி திறந்த வாயை மூட மறந்துபோனான்.

"அறுபது ரூபா அப்பிடியே இருக்கட்டும். ஒரு வருசமில்லை, மூண்டு வருசத்துக்கு எழுதியிருக்கு. வாசிச்சுப் பாத்துக் கையெழுத்தை வையும்."

மாதாவே என்று அற்புதராணி மனதுக்குள் கும்பிட்டாள். மூன்று வருசத்துக்கு வீட்டைவிட்டு எழும்பத் தேவையில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பக்கத்தில்.

கிறகோரி கடதாசியை வாங்கி, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தான். வழக்கமான அதே முத்து முத்தான எழுத்து.

"ஒண்டு, வாடகை. ரெண்டு, முற்பணம். மூண்டு, வெள்ளையடிக்கிறது. நாலு, வளவுத் தேங்காய் உங்களுக்கு. அஞ்சு, முத்தத்திலை கருவாடு காயப்போடக்கூடாது." கடதாசியைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "ஆறாவது எங்கை?"

"ஆறாவது இனித் தேவையில்லை," என்றார் ஓவசியர், முற்றத்தைப் பார்த்தபடி.

ஆறாவது அற்புதராணிக்கு மனப்பாடம். அந்த வீடு ஓவசியரின் மகள் அருந்ததிக்கென்று வைத்திருக்கிற சீதன வீடு. 'மகளுக்கு விவாகம் சரிவந்தால் மூன்று மாத அறிவித்தலில் வீட்டைக் காலி செய்து தரவேண்டும்.' இந்த ஒரு வரிக்குப் பயந்து ஏழு வருசமாக அவள் ஒரு நல்ல அலுமாரி வாங்கவில்லை.

"அது இல்லாத கடுதாசியிலை நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றான் கிறகோரி.

"உம்மடை நல்லதுக்குத்தானே எடுத்தது?"

"எனக்கு எது நல்லதெண்டு நான் சொல்லுறன். உங்கடை ஒழுகிற வீட்டிலை என்னை மூண்டு வருசம் கட்டிப்போடப் பாக்கிறியளோ? ஒரு வருசத்துக்கு எழுதுங்கோ. ஆறாவதும் வேணும்."

அற்புதராணி அவன் காலை மிதித்தாள். அவன் காலைத் தள்ளி வைத்துக்கொண்டான்.

ஓவசியருக்கும் சூடு ஏறியது. "ஒரு வருசமெண்டால் பத்து ரூபா கூடும், சொல்லிப்போட்டன்."

"தாறன்."

ஏழு வருசத்தில் கிறகோரியின் வாயிலிருந்து வராத சொல் அது. ஓவசியர் தான்தான் ஏதோ பிழை விட்டவர்போல முழித்தார்.

"இல்லை, அஞ்சு போதும்."

"பத்தெண்டு சொன்னனியள். சொன்ன சொல்லிலை நில்லுங்கோ."

"சரி, ஏழு ரூபா தாருமன்."

"பத்து. ஒரு சதமும் குறைக்கமாட்டன்."

வீட்டுக்காரன் இறங்க, குடியிருக்கிறவன் ஏற, இப்படியொரு பேரத்தை அற்புதராணி எந்தச் சந்தையிலும் கண்டதில்லை.

கடைசியில் ஓவசியர் களைத்துப்போய் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "அருந்ததி, பேனையைக் கொண்டு வா பிள்ளை. புதுசா எழுதவேணும்."

தகப்பனுக்குக் கைநடுக்கம் தொடங்கிய நாளிலிருந்து உடன்படிக்கை எழுதுவது அவள்தான். முப்பத்துநாலு வயது. கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்க வேண்டும்; பேனை ஏற்கெனவே கையில் இருந்தது. ஐந்து நிபந்தனைகளையும் கடகடவென்று எழுதினாள். ஆறாவதை மட்டும் ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். தகப்பன் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கையெழுத்து வைத்து முடிந்ததும் அருந்ததி தேத்தண்ணி கொண்டுவந்தாள். சீனி பங்கீட்டுக் கூப்பனுக்கு அளந்து கிடைக்கிற காலம். அற்புதராணிக்குக் கடித்துக் குடிக்கப் பனங்கட்டித் துண்டு. கிறகோரியின் கோப்பையில் மட்டும் சீனி கலக்கிக் கரண்டியும் கிடந்தது. அது வேறு அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

சைக்கிள் சந்தி திரும்பும்வரை பொறுத்திருந்தாள்.

"வருசத்துக்கு நூற்றியிருபது ரூபா. உங்களுக்குத் தலையிலை ஏதும் பிடிச்சிட்டுதோ? முருங்கைக்காய்க்காரியோடை கால் மணித்தியாலம் மல்லுக்கட்டுற மனிசன் நீங்கள். நாளைக்கு அந்தப் பெட்டைக்குச் சரிவந்தால் நாங்கள் சட்டி பானையோடை றோட்டிலை."

"வரட்டுமன்."

"பெத்த தேப்பனே நம்பிக்கையை விட்டிட்டார். உங்களுக்கென்ன வந்தது?"

கிறகோரி சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினான்.

"அவர் விட்டால் விடட்டும். அந்த வரியை விட்டிட்டு எழுதெண்டு அந்தப் பிள்ளையின்ரை கையாலையே எழுதுவிச்சிருக்கிறாரடி. அதுக்குக் கீழை நானும் ஒரு கையெழுத்து வைக்கிறதோ?"