யார்க்டனிலிருந்து வில்ஃப்

“யார்க்டன்லேருந்து வில்ஃப் பேசறேன். ஒரு பங்கு வாங்கியிருக்கேன். வெச்சுக்கலாமா, வித்துடலாமா?”

அந்தச் சின்னக் கனடா ஊரில், பனிக்கட்டித் தரையில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் அரங்கத்துக் காபிக் கடையில் எல்லாத் தலைகளும் ரேடியோ பக்கம் திரும்பின.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் இந்தப் பங்குச் சந்தை நிகழ்ச்சியைக் கேட்டபடி காபி குடிப்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். யார் வேண்டுமானாலும் ஃபோன் செய்து ஆலோசகரிடம் கேட்கலாம். பெயரும் ஊரும் மட்டும் சொன்னால் போதும். ஆனால் யார்க்டன் மாதிரி ஊரில் அந்த இரண்டையும் சொன்ன பிறகு மறைக்க என்ன மிச்சமிருக்கிறது?

“அடேய், நம்ம வில்ஃப்டா!” என்றான் நெஸ்டர். “பழைய டிராக்டர் வாங்கி விக்கறவனுக்கு இந்த வேலை எதுக்கு?”

“என்ன பங்கு, வில்ஃப்?” என்று கேட்டார் ஆலோசகர்.

“ரேவன் ஏரி தங்கச் சுரங்கம்.”

அதே மேஜையில் இருந்த மர்ரே சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனும் அதைத்தான் வாங்கியிருந்தான். கூரை மாற்றப் போவதாகச் சொல்லி மனைவி டோரீனிடம் கையெழுத்து வாங்கி, வீட்டின் மேல் கடன் எடுத்து, மொத்தத்தையும் அதில் கொட்டியிருந்தான்.

சுரங்கம் கவிழ்ந்தால் வீடு போய்விடும். யாரிடமாவது யோசனை கேட்கலாமென்றால் வாய் வரவில்லை. ‘கடன் வாங்கிப் பங்கு வாங்கறவன் கழுதை’ என்று இதே மேஜையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவனே அவன்தான்.

“உங்க சொந்தப் பணமா?” என்றார் ஆலோசகர்.

“இல்லைங்க... வீட்டு மேல கடன்.”

மேஜையே கொல்லென்று சிரித்தது. மர்ரேயும் சிரித்தான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே சிரித்தான்.

ஆலோசகர் சிரிக்கவில்லை. “அந்தச் சுரங்கத்துலேருந்து இதுவரைக்கும் தங்கம் வந்திருக்கா?”

“இன்னும் தோண்டவே ஆரம்பிக்கலையாம்.”

“அப்ப நீங்க வாங்கினது தங்கம் இல்லைங்க, வெறும் நம்பிக்கை. இப்ப வித்தா போட்ட பணம் வருமா?”

“வரும். விலை ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.”

“நல்ல காலம். திங்கட்கிழமை சந்தை திறந்ததும் வித்துக் கடனை அடைங்க. அப்புறம் கையில காசு சேர்ந்தா, நாட்டுல இருக்கற பெரிய கம்பெனிங்க எல்லாம் கலந்த ஒரு ஃபண்டுல மாசாமாசம் கொஞ்சம் போடுங்க.”

“பொறுத்தா ரெண்டு மடங்காகும்னு சொல்றாங்களே?”

“ஆகலாம். ஆகலேன்னா எங்க போய்ப் படுப்பீங்க?”

மர்ரே கோப்பையைக் கீழே வைத்தான்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே பேசியிருப்பான் போல, கொஞ்ச நேரத்தில் பூட்ஸ் பனியை உதறிக்கொண்டு வில்ஃப் உள்ளே வந்தான்.

“வாடா, தங்க ராஜா!” என்றான் நெஸ்டர்.

“வீட்டை வெச்சா சூதாடுவே?” மர்ரே எழுந்தே நின்றுவிட்டான். “உன் மண்டைக்குள்ள இருக்கறது மூளையா, ஐஸ் கட்டியா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!”

சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பழகிய வாய் நிற்கவில்லை.

“புத்தி வந்துடுச்சுப்பா, விடு” என்று தலையைச் சொறிந்துகொண்டே வில்ஃப் ஒரு பட்டர் டார்ட் இனிப்பு வாங்கப் போனான்.

திங்கட்கிழமை காலையில் மர்ரே எல்லாவற்றையும் விற்றான். பணம் கைக்கு வந்த அன்றே கடனை அடைத்தான். வங்கியிலிருந்து வெளியே வந்தவனுக்கு மூக்கை அறுக்கும் குளிர்கூட இதமாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்திருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“தெரியுமா டோரீன், நம்ம வில்ஃப் வீட்டு மேல கடன் வாங்கித் தங்கச் சுரங்கத்துல போட்டுட்டான். சரியான முட்டாப்பய!”

டோரீன் அவன் தட்டில் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பெரோகிக் கொழுக்கட்டைகளை வைத்து, வதக்கிய வெங்காயத்தை மேலே போட்டாள்.

“நீ வித்துட்டியா?”

முள்கரண்டி பாதி வழியில் நின்றது. “எதை?”

“ரேவன் ஏரியை. கூரையும் இன்னும் மாறலை, தூக்கத்துல தினம் அந்தப் பேரைத்தானே உளர்றே. வித்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு.”

“வித்துட்டேன். கடனையும் அடைச்சாச்சு.”

டோரீன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டாள். “கடவுளே, வீடு தப்பிச்சுது.”

“கோபமில்லையா?”

“அது நாளைக்கு. இன்னைக்குச் சாப்பிடு.”

மர்ரேக்கும் மூச்சு வந்தது. “நல்ல வேளை டோரீன். அந்த வில்ஃபும் அதே பங்கை வாங்கித் தொலைச்சுட்டு ரேடியோல யோசனை கேட்டான். இல்லேன்னா நம்ம கதி?”

“வில்ஃபா? அவன் ஜென்மத்துல ஒரு பங்கு வாங்கினதில்ல. நான்தான் ஃபோன் பண்ணிக் கேக்கச் சொன்னேன். நேரா நான் சொன்னா நீ கேக்க மாட்டே. நான் ஃபோன் பண்ணினா ஊருக்கே தெரிஞ்சுடும்.”

மர்ரே முள்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

“‘ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்குமே, வில்ஃப்’னு சொன்னேன். ‘எனக்குத்தான் முட்டாள்னு ஏற்கெனவே பேர் இருக்கே, டோரீன். மர்ரேக்குப் புத்திசாலின்னு பேரு. பாவம், அது கெட்டுடக் கூடாது’ன்னான்.”