கிழவனுக்காக

தாழ்ப்பாளின் கடைசி ஸ்க்ரூ இறங்க மறுத்தது.

தோட்டத்துக் கதவு பழைய பலகைக் கதவு. மதிலோடு மதிலாக உயர்ந்து நிற்பது. வெளியே தெரு, தெருமுனையில் பெரிய சாலை.

அவர் முப்பத்தைந்து வருடம் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். இறங்காத ஸ்க்ரூவை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று தெரியும். இன்று கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

பின்னால் கொய்யா மர நிழலில் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் கிழவன் படுத்திருந்தான்.

கிழவன் அவர்கள் வீட்டு நாய். குட்டியாக வந்த அன்றே முகமெல்லாம் சுருக்கம், அதனால் அந்தப் பெயர். பதினான்கு வருடத்தில் பெயருக்கேற்ற வயதும் வந்து சேர்ந்தது. பல்லெல்லாம் கொட்டிப்போய், பாலில் ஊறவைத்த பிஸ்கட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தான்.

இந்த ஒரு வருடமாகத் தோட்டத்தில் செய்ததெல்லாம் கிழவனுக்காக என்றுதான் அவர் அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்.

கோடையில் அல்லித் தொட்டிக்குக் கம்பிவலை போட்டு மூடினார். தவறி விழுந்தால் என்ன செய்வது என்றார்.

மழைக்காலத்தில் விடிந்ததும் விடியாததுமாகக் கூடையோடு இறங்கி, புல்லில் முளைத்திருந்த காளானையெல்லாம் பிடுங்கிப் போட்டார். ஒரேயொரு காலை அசந்துவிட்டார். வாய்க்குள் போன காளானை விரலை விட்டுத்தான் எடுக்கவேண்டியிருந்தது. கட்டைவிரலில் பல் பதிந்த தழும்பு இன்னும் மறையவில்லை.

எலி மருந்து, பூச்சி மருந்து, உரப்பை எல்லாம் பூட்டிய அலமாரிக்குள் போயின. சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்.

குளிர் தொடங்கியபோது அரளிக்கு முறை வந்தது. மனைவி நர்சரியில் வேலை பார்த்த காலத்தில் ஒற்றைக் குச்சியாகக் கொண்டுவந்து நட்டது. மதிலோரம் முழுக்கச் சிவப்பாகப் பூத்துக் கிடக்கும். தோட்டக்காரர் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். அந்தக் கசப்பை நாய் முகர்ந்துகூடப் பார்க்காது என்றார்.

அவர் அரிவாளை வாங்கி, முதல் கிளையைத் தானே வெட்டினார். அன்று முழுக்க மனைவி அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மகள் போனில் விடாமல் நச்சரித்தாள்.

"அதுக்குன்னே இடம் இருக்குப்பா, நல்லாப் பாத்துக்குவாங்க. நீங்க ஒத்தை ஆளா எத்தனை நாள் மல்லுக்கட்டுவீங்க?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

போன வியாழக்கிழமை மதியம் அவர் கண்ணயர்ந்தது பத்து நிமிடம்கூட இருக்காது. எழுந்து பார்த்தால் இந்தக் கதவு திறந்து கிடந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினார். பெரிய சாலையில், பேருந்துகள் வளைகிற இடத்தில் கண்டுபிடித்துக் கூட்டி வருவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அதனால்தான் இந்தப் புதுத் தாழ்ப்பாள். பழையது இடுப்பளவில் இருந்தது. இதைத் தன் நெற்றி உயரத்துக்கு ஏற்றியிருந்தார்.

ஸ்க்ரூ ஒருவழியாக இறங்கியது. தாழ்ப்பாளைப் போட்டுக் கதவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மனைவி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். தாழ்ப்பாளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கிழவனுக்கு எங்கங்க இது எட்டப்போகுது? எனக்குத்தான் எட்டும். இன்னும் மேல வைங்க, இப்பவே வைங்க. நாளைக்கு நானே வேண்டாம்னு சண்டைக்கு வருவேன்."

நர்சரிக்கு வருகிறவர்களிடம் எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில் என்று சொல்லுவாளே, அந்த நிதானமான குரல். அவளுக்கு நினைவு கடைசியாக இப்படித் தெளிந்து வந்து மூன்று மாதமாகியிருந்தது.

இதெல்லாம் யாருக்காக என்று அவளுக்குத் தெரியாதென்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூவைத் திரும்பக் கழற்றத் தொடங்கினார். இப்போது அது சுலபமாக வந்தது.

அவள் கதவோடு ஒட்டி நின்றாள். அவர் தோளுயரம்தான் இருப்பாள். குதிகாலைத் தூக்கி, வலது கையை எட்டுமட்டும் உயர்த்தினாள். ஒப்புக்கு அல்ல, விரல்கள் நடுங்க, இன்னும் ஒரு அங்குலம், இன்னும் அரை அங்குலம் என்று உன்னி உன்னி எட்டினாள்.

அந்த விரல் நுனிக்கு மேலே ஒரு சாண் விட்டு, அவர் பென்சிலால் கோடு போட்டார்.