கேட்டுட்டுத்தான் தொடும்

விண்டோஸை விட்டுப் புதிதாக லினக்ஸுக்கு மாறியிருந்த மச்சானுக்கு, ஆப் போடுவது எப்படி என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்து காட்டிக்கொண்டிருந்தார் அவர். கேட்க ஆள் கிடைத்துவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது.

“இது எந்த லினக்ஸ்லயும் ஓடுற பேக்கேஜ், மாப்ளே. தனக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் தானே தூக்கிட்டு வந்துடும். தனி ரூம்ல குடிவச்ச மாதிரி. ஒரு போட்டோவைத் தொடணும்னாலும் நம்மகிட்ட கேட்டுட்டுத்தான் தொடும்.”

“பழைய முறையில போட்டா என்ன மாமா?”

“வீடு முழுக்கக் கை வைக்கும். எனக்கு அது ஆகாது. நான் போடுறதெல்லாம் இப்படித்தான்.”

படம் வரையும் ஆப் ஒன்று சமர்த்தாக வந்து உட்கார்ந்தது.

“பாஸ்வேர்டே கேட்கலையே?”

“என் லாகினுக்கு மட்டும் போட்டா கேட்காது.”

“அப்ப அக்காவுக்கும் சேர்த்துப் பொதுவாப் போட்டுக் காட்டுங்க.”

“அது எதுக்கு இப்ப?” என்றபடி அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மச்சானே எட்டி, ‘எல்லோருக்கும்’ என்றிருந்த பட்டனை அழுத்தினான். அட்மின் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி திறந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு, சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

அவள் எழுந்து வந்து கீபோர்டில் கை வைத்தாள்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“என்னக்கா இது?”

“போன மாசம் சுத்தம் பண்றேன்னு சிஸ்டத்தையே துடைச்சு வச்சுட்டார்டா. அதிலேருந்து உன் மாமாவுக்கும் தனி ரூம்தான். எதையும் கேட்டுட்டுத்தான் தொடுவார்.”