குழந்தைகள் எத்தனை?

அச்சிட்ட தாள் வெளியே வந்தது. அதில் ‘குழந்தைகள்: 2’ என்றிருந்தது.

கடைக்குள் நின்ற பிள்ளைகள் மூன்று.

டைப்பிஸ்டம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். இரண்டுதான். மூத்தவள் பெயர் இருந்தது. நடுவில் பிறந்தவன் பெயர் இருந்தது. பெஞ்சில் ஏறி நின்று ஜெராக்ஸ் மெஷினின் பச்சை விளக்கைத் தொட எட்டிக்கொண்டிருந்த கடைக்குட்டியின் பெயர் எங்கேயும் இல்லை.

பதினோரு வருடமாக அந்தத் தெருவுக்கே, வெளிநாட்டில் குடியேறுவதற்கான விசா குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள் அவள்தான். காது இரண்டும் தெரியப் போட்டோ எடுத்து, பிறந்த தேதியை மூன்று முறை வாய்விட்டுப் படித்துத்தான் அனுப்புவாள். ஆனாலும் ஒருத்தருக்கும் விழுந்ததில்லை. அம்மாவின் கைராசி அப்படி என்று தெருவில் கேலி செய்வார்கள்.

இந்த வருடம் விழுந்துவிட்டது. பஸ் ஓட்டுகிற டிரைவருக்கு.

நேர்காணல் வருகிற திங்கட்கிழமை. அதற்கான தாள்களை வாங்கிப் போகத்தான் குடும்பத்தோடு வந்திருந்தான். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டான். கட்டிலும் பீரோவும் கைமாறிவிட்டன. அவன் மனைவி குளிருக்கென்று பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை பின்னி முடித்திருந்தாள். மூன்று சட்டை.

விதி டைப்பிஸ்டம்மாவுக்கு மனப்பாடம். விண்ணப்பம் போடும் நாளில் இருக்கிற பிள்ளைகள் அத்தனை பேரையும் எழுத வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் குடும்பத்தில் ஒருவருக்கும் விசா கிடையாது. திருத்தவும் முடியாது.

எப்படி விட்டேன்?

அன்று கடைசி நாள். கடையில் எள் விழ இடமில்லை. டிரைவர் தனியாகத்தான் வந்தான். போட்டோக்களை நீட்டினான். எண்ணிப் பார்த்தேனா?

தாளைக் கவிழ்த்து வைத்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன? தூதரகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அதிகாரி சொல்லிக்கொள்ளட்டும்.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஐந்து பேரும் அந்தத் தடுப்புக்கு முன்னால் நிற்பது கண்ணில் வந்தது. தாளை நிமிர்த்தி அவன் பக்கம் தள்ளினாள்.

“தம்பி, கடைக்குட்டி பேரு விட்டுப்போச்சுப்பா. என் தப்பு. இனி யாருக்கும் விசா கிடைக்காது.”

டிரைவரின் மனைவி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது கத்துவான், மேசையைப் புரட்டுவான், தெரு கூடிவிடும் என்று டைப்பிஸ்டம்மா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கத்தவில்லை. தாளை எடுத்தான், படிக்கவில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை. தன்னைவிட அவன்தான் அதிகம் பயந்துபோயிருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. அவன் பார்வை அவள் பக்கமே வரவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க விடலக்கா. எத்தனை பிள்ளைன்னு கேட்டீங்க. நான்தான் ரெண்டுன்னு சொன்னேன்.”

மனைவி நிமிர்ந்தாள். அது எந்த நாள் என்று அவனைக் கேட்கவில்லை. தாளிலேயே தேதி இருந்தது. தாளை வாங்கி, தேதியின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“டாக்டர் என்னை மட்டும் தனியா கூப்பிட்டு, சின்னது விடியறவரைக்கும் தாங்காதுன்னு சொன்னாரு. ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்கதான் வந்தேன். மத்த ரெண்டையாவது எங்கயாவது கரை சேர்த்துடணும்னு... பொழைச்சா பேரை அப்புறமா சேர்த்துக்கலாம்னு நெனச்சேன். உங்கிட்ட சொல்ல வாய் வரல.”

மருந்து வாங்கி வருகிறேன் என்றுதான் அன்று மாலை ஆஸ்பத்திரியில் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அவள் எழுந்து கடைக்குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை கண் திறந்தது, விண்ணப்பம் போட்ட மறுநாள் காலையில்.