பேக்கரிச் சண்டை

பூரணம் மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு, மனேச்சர் பியாட்றிஸின் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். மா குழைக்கும் மெசின் முனகிக்கொண்டு நின்றது.

"உங்களுக்குக் கண் தெரியேல்லையோ மிஸ்? மூடி ஆடுதெண்டு காலமையே சொன்னனான். ஆற்றையும் கை போனாப் பிறகுதான் பாப்பியளோ?"

பியாட்றிஸுக்குப் பக்கத்தில் கொழும்புத் தலைமை அலுவலகப் பணிப்பாளர் செபநாயகம் நின்றார். இணுவில் பேக்கரியைப் பார்வையிட அவர் அப்போதுதான் வந்திருந்தார். தொழிலாளி ஒருத்தி தன் கண்ணெதிரே மனேச்சரை இப்படிக் கேட்பாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

பியாட்றிஸும் இறங்கி வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு வேண்டிய பணிஸ் பின்னேரமே போயாக வேண்டும், மூடியைத் திருத்திப் பூட்டுகிற ஆள் மத்தியானம் வந்துவிடுவார், அதுவரை கவனமாக ஓட்டினால் என்ன என்று குரலை உயர்த்தினாள்.

பூரணம், மேசையில் பணிஸ் உருட்டிக்கொண்டிருந்த கமலாவதியின் வலக் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அதில் இரண்டு விரல்கள் இல்லை. கரவெட்டிக் கிளையில் வேலை செய்தபோது இதே மாதிரி மெசினுக்குள் போனவை. அதற்குப் பிறகுதான் கமலாவதி இங்கே மாறி வந்தாள்.

பியாட்றிஸ் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, என்ரை பிழைதான். மெசின் நிக்கட்டும். ஆனால் ஓடர் போகவேணும். கையாலை குழையுங்கோ."

"அப்ப நீங்களும் வந்து குழையுங்கோ."

அத்தோடு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பொதி கட்டும் பிரசாந்தி, வேலை நேரத்தை மாற்றினதால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட முடியவில்லை என்று பாய்ந்தாள். அடுத்த மாதம் வரைக்கும் ஒன்றும் செய்ய ஏலாது என்று பியாட்றிஸ் வெட்டிச் சொன்னாள். வான் ஓட்டும் லக்ஷன், தான் போகவேண்டிய கடைகளை ஒழுங்கு போட்டுத் தந்த ஆளுக்கு றோட்டே தெரியாது என்றான். ஒழுங்கு போட்டவள் பியாட்றிஸ்தான். தெரிந்தவர் சொல்லித் தந்தால் கேட்கலாம் என்று அவனுக்கும் சூடாகவே கொடுத்தாள்.

சொல்லிக்கொண்டே கைகளைக் கழுவி மாவுக்குள் விட்டாள். அவளுடைய சேலையில் மா படாதபடி, பின்னால் நின்று ஏப்ரனைக் கட்டிவிட்டுக்கொண்டே பூரணம் இன்னும் ஏசினாள்.

செபநாயகம் வெளியே போய் மாமர நிழலில் நின்றார். அதற்கு முதல் நாள் கரவெட்டிக் கிளைக்குப் போயிருந்தார். மனேச்சர் அருளம்பலம் உள்ளே நுழைந்ததும் அங்கே எல்லாத் தலைகளும் குனிந்துகொண்டன. ஏதும் குறை இருக்கிறதா என்று செபநாயகம் கேட்டபோது, அவர்கள் அருளம்பலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்கள். நிர்வாகம் என்றால் அதுதான் என்ற நினைப்போடு வந்தவருக்கு, இந்த இடம் சந்தையாகத் தெரிந்தது.

அங்கிருந்தே கொழும்போடு தொலைபேசியில் கதைத்தார். கடைசித் தட்டும் போறணை அடுப்புக்குள் போன பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்.

மரியாதை இல்லாத இடத்தில் ஒருவரை வைத்திருப்பது அவருக்கும் நல்லதல்ல, நிறுவனத்துக்கும் நல்லதல்ல என்று தொடங்கினார். பியாட்றிஸைக் கொழும்பு அலுவலகத்துக்கு எடுப்பதாகவும், வருகிற கிழமை அருளம்பலம் இங்கே பொறுப்பெடுப்பதாகவும் சொன்னார்.

பியாட்றிஸ் விரல்களில் காய்ந்திருந்த மாவை உரித்துக்கொண்டு நின்றாள்.

பிரசாந்தி நிலத்தைப் பார்த்தாள். லக்ஷன் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டான். கமலாவதி மெல்ல நகர்ந்து பூரணத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அருளம்பலத்தின் பெயரைக் கேட்டதுமே அடங்கிவிட்டார்கள் என்று செபநாயகத்துக்குத் திருப்தியாக இருந்தது. யாருக்காவது ஏதும் சொல்ல இருக்கிறதா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

பூரணம்தான் முன்னுக்கு வந்தாள். காலையிலிருந்து கத்திய குரல் இப்போது உள்ளே போயிருந்தது.

"அப்ப சேர், இனி நாங்கள் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"